முதல் பிரசவத்தின் இறுதி வாரங்கள்: மர்யம் (அலை) பெற்ற ஆறுதலும் நம் இல்லங்களின் கடமையும்

 

 

பெற்றோரின் உரிமைகள் குறித்து ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி பேசுகின்றோம். தாய் தன் பிள்ளையைப் பலவீனத்தின் மேல் பலவீனம் அடைந்து சுமந்தாள் என்று அருள்மறை எடுத்துரைப்பதை (31:14) ஓதிக் காட்டுகின்றோம். நல்லுறவுக்கு மிகவும் தகுதியானவர் யார் என்று கேட்ட தோழருக்கு, மூன்று முறை தாயையே குறிப்பிட்டுவிட்டு நான்காவதாகவே தந்தையை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதையும் (நூல்: புகாரீ, முஸ்லிம்) எடுத்துச் சொல்கின்றோம். கேட்பவர்களின் கண்கள் கலங்குகின்றன.

ஆனால் அந்தப் பலவீனம் இன்று, இப்பொழுது, நம் வீட்டின் ஓர் அறையில் நடந்து கொண்டிருக்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? பெற்றெடுத்த தாயைப் போற்றத் தெரிந்த நமக்கு, பெற்றெடுக்கப் போகும் பெண்ணின் சொல்லைக் கேட்கத் தெரிந்திருக்கின்றதா? இந்தக் கேள்வியை முதலில் எனக்கு நானே கேட்டுக்கொண்ட பின்னரே உங்கள் முன் வைக்கின்றேன்.

நான் செய்த தவறு

இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. மதரஸாவில் பட்டம் பெற்று, இமாமாகப் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. என் மனைவிக்கு அது முதல் கர்ப்பம். தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். ஆனால் அவருடைய தாயார் முன்னரே இறைவனிடம் சேர்ந்துவிட்டதால் எங்கள் இல்லத்திலேயே தங்கியிருந்தார்.

ஒன்பதாம் மாதத்தில் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய என்னிடம், “எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பிழைப்பேனா என்று தோன்றுகிறது” என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அருகில் அமர்ந்து, எதனால் பயம், உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். நானோ உபதேசம் செய்தேன். ஈமான் உள்ள பெண் இப்படிப் பேசலாமா, பொறுமை எங்கே, தவக்குல் எங்கே என்று அரை மணி நேரம் பேசினேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அதன் பிறகு பயம் என்ற சொல்லை என்னிடம் சொல்லவே இல்லை.

பயத்தை மட்டுமா சொல்லவில்லை? அடுத்த இரண்டு நாட்களாக இருந்த கடுமையான தலைவலியையும் சொல்லவில்லை. கண்முன் பூச்சி பறப்பது போல் தெரிந்ததையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வழக்கமான வருகைக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர், அவருடைய முகம் வீங்கியிருப்பதைக் கண்டு இரத்த அழுத்தம் பார்த்தார். 160-க்கு 110. “இன்னும் சிறிது நேரத்தில் இவர் மருத்துவமனையில் இருக்க வேண்டும்” என்று சொல்லி, அவரே உடன் ஏறிக்கொண்டார். அப்போது 108 வாகனச் சேவை கிடையாது. தெரிந்தவர் ஒருவரின் வாடகைக் காரில் சென்றோம். அன்றிரவு மருந்து கொடுத்துப் பிரசவம் நடத்தினார்கள். சற்று எடை குறைந்த பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

அந்தச் செவிலியர் நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். அல்லாஹ் அவரைக் காரணமாக்கினான். “ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று பிறகு மனைவியிடம் கேட்டேன். “சொன்னால் ஈமான் இல்லாதவள் என்று நினைப்பீர்களோ என்று சும்மா இருந்துவிட்டேன்” என்றார். என் உபதேசம் ஒரு பெண்ணின் வாயை அடைத்திருக்கின்றது. அது அவருடைய உயிரையே வாங்கியிருக்கக் கூடும்.

அன்று பிறந்த மகள் இன்று தன் முதல் குழந்தையைச் சுமந்து, ஒன்பதாம் மாதத்தில் எங்கள் வீட்டில் இருக்கின்றார். இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு அதுவே காரணம்.

மர்யம் (அலை) அவர்களின் சொல்லும் இறைவனின் பதிலும்

அன்று நான் உபதேசம் செய்தபோது மறந்துபோன வரலாறு ஒன்று உண்டு. அது பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இருக்கின்றது. அந்த அத்தியாயத்தை நான் மனனம் செய்தவன் என்பதே எனக்குப் பெரிய வெட்கம்.

மர்யம் (அலை) அவர்கள் முதன்முறையாகத் தாயாகப் போகின்றவர்கள். உடன் யாரும் இல்லை. பிரசவ வேதனை அவர்களை ஒரு பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு சேர்த்தது. அவ்வேளையில் அவர்கள், இதற்கு முன்பே இறந்து, அறவே மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று சொன்னதாக அல்லாஹ் தஆலா எடுத்துரைக்கின்றான் (19:23). உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அல்லாஹ்வே சிறப்பித்த பெண்மணி (3:42) அவ்வாறு சொன்னார்கள்! தூய்மையான தம்மைப் பற்றி மக்கள் என்ன பேசுவார்களோ என்ற துயரமும், உடல் வேதனையும் சேர்ந்து வெளிப்பட்ட சொல் அது என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர்.

இப்பொழுது கவனியுங்கள்! அல்லாஹ் அவர்களைக் கண்டித்தானா? பொறுமை எங்கே என்று கேட்டானா? இல்லை. கீழேயிருந்து ஒரு குரல் அழைத்தது. அது ஜிப்ரீல் (அலை) அவர்களின் குரல் என்றும், பிறந்த குழந்தை ஈஸா (அலை) அவர்களின் குரல் என்றும் இரு கருத்துகள் உள்ளன. அக்குரல் சொன்னவை நான்கு (19:24-26).

முதலாவது, கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதல். இரண்டாவது, காலடியில் ஓடும் நீர். மூன்றாவது, மரத்தை உலுக்கினால் உதிரும் கனிந்த பேரீச்சம் பழங்கள். உண்டு, பருகி, கண் குளிர்ந்திருக்குமாறு கட்டளை. நான்காவது, மனிதர் எவரையேனும் கண்டால் பேச வேண்டியதில்லை, மௌன நோன்பு நேர்ந்திருப்பதாகத் தெரிவித்துவிடலாம் என்ற அனுமதி. அதாவது, ஊர்ப் பேச்சுக்குப் பதில் சொல்லும் சுமை அவர்கள் தோளிலிருந்து இறக்கப்பட்டது.

ஆறுதல், நீர், உணவு, ஊர்ப் பேச்சிலிருந்து பாதுகாப்பு. முதல் பிரசவத்தை எதிர்நோக்கும் ஒரு பெண்ணுக்குப் படைத்த இறைவன் அளித்தவை இவை. நம் இல்லங்களும் அளிக்க வேண்டியவை இவையே.

அந்த வாரங்களில் உடலில் நடப்பவை

ஆறுதல் சொல்ல வேண்டுமானால், என்ன நடக்கின்றது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்களும் இதனைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். அறிந்துகொள்வதில் வெட்கமில்லை.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் என்று கணக்கிட்டே மருத்துவர்கள் தேதி குறிக்கின்றார்கள். குறித்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. 37 வாரங்கள் நிறைந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம்; முதல் குழந்தை தேதியைத் தாண்டிச் செல்வதும் உண்டு. எனவே “இன்னும் வலி வரவில்லையா?” என்று நாளுக்கு நான்கு பேர் கேட்பது, அப்பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்குச் சமம். தேதி கடந்துவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவரைக் கேட்டுத் துளைப்பதால் பயனில்லை.

முதல் கர்ப்பத்தில், வலி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே குழந்தையின் தலை பெரும்பாலும் இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். அப்போது மூச்சு சற்று எளிதாகும். ஆனால் அடிவயிறு கனக்கும்; அடிக்கடி சிறுநீர் கழிக்க நேரும்; இரவில் உறக்கம் துண்டு துண்டாகும். இது சோம்பல் அன்று. பகலில் அவர் கண்ணயர்ந்தால் எழுப்பாதீர்கள். மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து, ஒருக்களித்துப் படுப்பதே இக்காலத்தில் நல்லது.

வயிறு அவ்வப்போது இறுகித் தளரும். இதனை நம் பெண்கள் சூட்டு வலி என்றும் பொய் வலி என்றும் சொல்வார்கள். அது ஒழுங்கின்றி வரும். ஓய்வெடுத்தாலோ சற்று நடந்தாலோ அடங்கிவிடும். உண்மையான வலி சீரான இடைவெளியில் வரும். நேரம் செல்லச் செல்ல இடைவெளி குறையும், வலுக் கூடும். சளி போன்ற திரவம் சிறிது இரத்தம் கலந்து வெளிப்படுவதும் பிரசவம் நெருங்குவதன் அடையாளம். முதல் பிரசவம் பெரும்பாலும் பல மணி நேரம் நீடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், அவர் வீணாக அஞ்ச மாட்டார்.

சூட்டு வலிதானா, மெய்யான வலியா என்று தெரியாமல் மருத்துவமனைக்குச் சென்று திரும்பி வந்தால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். ஒருமுறை கேலிக்குள்ளானவர் அடுத்த முறை சொல்லத் தயங்குவார். அத்தயக்கம் என்ன செய்யும் என்பதை என் வீட்டுக் கதையில் கண்டீர்கள்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

கீழ்க்காணும் அடையாளங்களில் ஒன்று தென்பட்டாலும், விடியட்டும் என்றோ, வீட்டுப் பெரியவர் வரட்டும் என்றோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

விடாத தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி. இவை இரத்த அழுத்தம் உயர்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். அது முற்றினால் வலிப்பு வரும். தாயின் உயிருக்கே ஆபத்து. முதல் கர்ப்பத்தில் இது ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

இரத்தப் போக்கு. பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறுதல். அந்த நீர் பச்சையாகவோ துர்நாற்றத்துடனோ இருந்தால் இன்னும் அவசரம். காய்ச்சல், மூச்சுத் திணறல்.

குழந்தையின் அசைவு குறைதல். “கடைசி மாதத்தில் இடமில்லாததால் குழந்தை அசையாது” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு, அது தவறு. அசையும் விதம் மாறலாமே தவிர, அசைவு குறையக் கூடாது. சந்தேகம் வந்தால், உணவு உண்டபின் ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவுகள்கூட இல்லையென்றால் உடனே புறப்பட வேண்டும்.

இந்தியாவில் 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கீட்டின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் உயிரிழந்தனர். தமிழகத்தில் அது 54. முன்பைவிட மிகவும் குறைந்திருக்கின்றது. ஆயினும் அந்த 54 பேரும் ஒரு வீட்டின் மகள்கள்.

மரத்தை உலுக்கச் சொன்னது ஏன்?

சிலர் கேட்பார்கள்: அல்லாஹ் விதித்ததுதானே நடக்கும்? துஆ செய்தால் போதாதா?

பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணால் பேரீச்ச மரத்தின் அடிமரத்தை அசைக்க முடியுமா? வலிமையான ஆண்களுக்கே அது கடினம். அல்லாஹ் நாடியிருந்தால் பழங்களைத் தானாகவே உதிரச் செய்திருப்பான். ஆயினும் உலுக்குமாறு சொன்னான். முயற்சி செய்வதும் தவக்குலின் பகுதி என்பதற்கு உலமாக்கள் இந்த நிகழ்வைச் சான்று காட்டுகின்றார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் (நூல்: திர்மிதீ) இதனையே உணர்த்துகின்றது.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், யூடியூப் காணொளிகளை நம்பி வீட்டிலேயே நடத்தப்பட்ட பிரசவத்தில் அதிக இரத்தப் போக்கால் உயிரிழந்தார். இயற்கை முறை என்ற பெயரிலோ, மார்க்கத்தின் பெயரிலோ, பர்தாவின் பெயரிலோ ஒரு பெண்ணை மருத்துவத்திலிருந்து தடுப்பது தவக்குல் ஆகாது.

பெண் மருத்துவர் இருக்கும்போது அவரையே நாட வேண்டும், அதில் ஐயமில்லை. பெண் மருத்துவர் இல்லாத நிலையில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் சிகிச்சை அளிப்பதை மார்க்கச் சட்ட அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். போர்க்களங்களில் காயமுற்ற ஆண்களுக்கு நபித்தோழியர் சிகிச்சை அளித்ததை ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள் (நூல்: புகாரீ). உயிர் காக்கும் கட்டத்தில் இரத்தம் ஏற்றுவதும், அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுவதும் அவ்வாறே. அறுவைச் சிகிச்சையில் பெற்றவர் குறைந்த தாய் என்று பேசுவோர் அல்லாஹ்வுக்கு அஞ்சிக்கொள்ளட்டும்.

மார்க்கம் அளிக்கும் சலுகைகள்

கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அல்லாஹ் நோன்பில் சலுகை அளித்திருப்பதாக நபிமொழி உள்ளது (நூல்: திர்மிதீ, நஸாயீ). தமக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சினால் நோன்பை விட்டுவிடலாம். ஹனஃபி மத்ஹபின்படி பின்னர் களாச் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவுடன் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். “நாங்கள் எல்லாம் நிறைமாதத்திலும் நோன்பு வைத்தோம்” என்று ஒப்பிட்டு மருமகளை வருத்துவது, அல்லாஹ் கொடுத்த சலுகையை நாம் பறிப்பதாகும்.

தொழுகை கடமையாகவே இருக்கும். ஆனால் முறை இலகுவாகும். நின்று இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுமாறு இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள் (நூல்: புகாரீ).

எந்த சூராவை ஓதினால் சுகப்பிரசவம் ஆகும் என்று பலர் கேட்கின்றார்கள். குர்ஆன் முழுவதும் நிவாரணமே. மர்யம் சூராவையோ யூசுஃப் சூராவையோ மனம் விரும்பி ஓதினால் நன்மை உண்டு. ஆனால் குறிப்பிட்ட சூராவைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஓதியே தீர வேண்டும், தவறினால் கேடு என்று அச்சுறுத்துவதற்கு ஆதாரம் இல்லை. படுத்த நிலையில் அவர் சொல்லும் ஒரு சிறு துஆவும் அர்ஷை எட்டும்.

பேரீச்சம் பழமும் இரும்புச் சத்தும்

மர்யம் (அலை) அவர்களுக்குப் பேரீச்சம் பழம் அளிக்கப்பட்டதன் நுட்பத்தை இன்றைய ஆய்வாளர்களும் சிந்தித்திருக்கின்றார்கள். ஜோர்டான் நாட்டில் 2007-08 காலத்தில் நடந்து, 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத் தேதிக்கு நான்கு வாரம் முன்பிருந்து நாளொன்றுக்கு ஆறு பேரீச்சம் பழம் உண்ட 69 பெண்களும், உண்ணாத 45 பெண்களும் ஒப்பிடப்பட்டனர். உண்டவர்களில் அதிகமானோருக்கு மருந்தின்றித் தானாகவே வலி தொடங்கியது. இது சிறிய ஆய்வுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும்.

இதைவிட அவசரமானது இரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர், அதாவது 52 விழுக்காட்டினர், இரத்தசோகை உள்ளவர்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தவருக்குப் பிரசவத்தில் ஏற்படும் இரத்தப் போக்கைத் தாங்கும் சக்தி இராது. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். தேநீருடன் சேர்த்து உண்டால் சத்து உடலில் முழுமையாகச் சேராது. முருங்கைக் கீரை, கேழ்வரகு, பேரீச்சம் பழம், இறைச்சி ஆகியன நம் வீடுகளில் கிடைப்பவையே. குடும்பம் முழுவதும் உண்டபின் மிஞ்சியதை அவர் உண்ணும் வழக்கம் எங்கேனும் இருந்தால், இன்றே மாற்றுங்கள்.

“பெண் பிறந்துவிட்டால்?”

நான்காவது கொடை, ஊர்ப் பேச்சிலிருந்து பாதுகாப்பு. இறுதி வாரங்களில் ஒரு பெண்ணை அதிகம் வாட்டும் பேச்சு, ஆணா பெண்ணா என்பதே. நம் மாவட்டத்திற்கு இதில் வேதனையான வரலாறு உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காக 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட வேண்டியிருந்தது. கருவிலேயே பாலினம் அறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது.

குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு என்பது அறிவியல். நாடியவருக்குப் பெண் மக்களையும் நாடியவருக்கு ஆண் மக்களையும் அளிப்பவன் அல்லாஹ் என்பது மார்க்கம் (42:49). இரண்டின்படியும் தாயின் மீது குற்றமில்லை. இம்ரானின் மனைவியார் வயிற்றில் உள்ளதை இறைப்பணிக்கு நேர்ந்து, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்தார்கள். பிறந்ததோ பெண் (3:35-36). அந்தப் பெண்தான் மர்யம் (அலை)! எந்தப் பெண் குழந்தையின் முகத்தைப் பார்த்து நாம் முகம் சுளிக்க முடியும்?

தூரத்தில் இருக்கும் கணவர்களுக்கு

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கும், ஓசூருக்கும், திருப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள் ஏராளம். அவர்களின் மனைவியர் தலைப்பிரசவத்தைத் தனியே எதிர்கொள்கின்றார்கள். நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களைச் சுமந்திருந்த அன்னை ஆமினா அவர்களும் அந்நிலையில்தான் இருந்தார்கள். வணிகத்திற்குச் சென்ற கணவர் அப்துல்லாஹ் அவர்கள் திரும்பும் வழியில் யஸ்ரிபில் நோயுற்று மறைந்துவிட்டார்கள். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்திருக்கவில்லை என்பதே பெரும்பான்மை வரலாற்றாசிரியர்களின் கூற்று.

சகோதரரே! தொலைவில் இருந்தாலும் நாள்தோறும் பேசுங்கள். “சாப்பிட்டாயா?” என்பதோடு நிறுத்தாமல், “தலை வலிக்கிறதா? குழந்தை நன்றாக அசைகிறதா? மனம் எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். விடுப்பு எடுக்க முடிந்தால் பெயர் சூட்டும் விருந்துக்கு எடுப்பதைவிட, பிரசவத்திற்கு முந்தைய வாரத்தில் எடுங்கள். அருகில் இருப்பவர்கள் வீட்டு வேலையில் கை கொடுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்து வந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள் (நூல்: புகாரீ).

மஹல்லாவின் பங்கு

அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் நிறைமாதக் கர்ப்பிணியாக மக்காவிலிருந்து ஹிஜ்ரத் புறப்பட்டு, குபாவில் தங்கி அங்கே பிள்ளை பெற்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அக்குழந்தையை மடியில் ஏந்தி, பேரீச்சம் பழத்தை மென்று வாயில் தடவி, துஆச் செய்தார்கள் (நூல்: புகாரீ). அவரே அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி). ஹிஜ்ரத்திற்குப் பின் முஹாஜிர்களுக்கு மதீனாவில் பிறந்த அந்த முதல் குழந்தையைக் கண்டு முஸ்லிம்கள் யாவரும் மகிழ்ந்தார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு நகர்வலம் வந்தபோது, கூடாரத்தில் பிரசவ வேதனையில் துடித்த ஒரு பெண்ணின் குரல் கேட்டு, வீடு சென்று தம் மனைவி உம்மு குல்தூம் அவர்களை அழைத்துக்கொண்டு, மாவும் நெய்யும் தாமே சுமந்து வந்த வரலாறு பிரசித்தமானது. உள்ளே கலீஃபாவின் மனைவி பிரசவம் பார்க்க, வெளியே கலீஃபா அடுப்பு ஊதினார்கள். முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காக!

சித்தேரி மலை போன்ற பகுதிகளில் சாலை எட்டாத சிற்றூர்களின் தாய்மார்கள் படும் பாட்டை நம் மாவட்டம் அறியும். அவர்களோடு ஒப்பிட்டால், சாலையோரம் வாழும் நமக்குத் தாமதத்திற்குச் சாக்கு இல்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் மூன்று காரியங்களைச் செய்யலாம். இரவில் அழைத்தால் வரக்கூடிய வாகன ஓட்டுநர்களின் எண்களைப் பள்ளிவாசலில் எழுதி வைக்கலாம். இளைஞர்களின் இரத்தப் பிரிவைப் பதிவு செய்து வைக்கலாம். தாயில்லாத பெண்ணுக்குத் துணையாக, அனுபவமுள்ள ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்யலாம்.

அரசின் உதவிகளையும் அறிந்துகொள்ளுங்கள். 2008 முதல் தமிழகத்தில் இயங்கும் 108 வாகனம் கட்டணமின்றி வரும். 2011 முதல், அரசு மருத்துவமனைகளில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம், உணவு ஆகியன கர்ப்பிணிக்கு இலவசம். கர்ப்பம் தெரிந்தவுடன், 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து எண் பெற்றவர்கள், தகுதி இருப்பின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைப் பெறலாம். எட்டாம் மாதம் முடிவதற்குள் தாய் சேய் நல அட்டை, ஆதார், ஸ்கேன் அறிக்கைகள், சுத்தமான பருத்தித் துணிகள் அனைத்தையும் ஒரு பையில் தயாராக வையுங்கள்.

இறுதியாக

சென்ற வாரம் ஃபஜ்ருக்கு முன் மகளின் அறையில் விளக்கு எரிவதைக் கண்டு கதவைத் தட்டினேன். உறக்கம் வரவில்லை என்றார். பிறகு மெதுவாக, பயமாக இருக்கிறது என்றார். இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே சொல்.

இம்முறை நான் உபதேசம் செய்யவில்லை. “எதை நினைத்து அம்மா?” என்று கேட்டு அருகில் அமர்ந்தேன். வலியை நினைத்து, தையலை நினைத்து, குழந்தையை எப்படித் தூக்குவது என்று நினைத்து, என ஒவ்வொன்றாகச் சொன்னார். இடையே, நேற்றிலிருந்து அசைவு சற்றுக் குறைவு போலிருக்கிறது என்றும் சொன்னார். என் மனைவி உடனே எழுந்து வந்தார். காலையில் மருத்துவமனைக்குச் சென்று பரிசோதித்தோம். குழந்தை நலமாக இருக்கின்றது என்றார்கள். எழுந்து வந்தபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். நான் தாமதமாகக் கற்ற பாடத்தை அவர் கண்டுகொண்டார். ஆனால் விடியும் வரை காத்திருந்தோமே, அன்றிரவே புறப்பட்டிருக்க வேண்டும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். அதுவும் நாம் கற்க வேண்டிய பாடமே.

பயத்தைச் சொல்வது ஈமானின் குறைவு அன்று. மர்யம் (அலை) அவர்களே சொன்னார்கள். இறைவன் ஆறுதலையும் நீரையும் உணவையும் அளித்தான். நம் வீட்டுப் பெண் சொல்லும்போது செவிசாய்ப்போமாக!

வல்ல நாயன் அல்லாஹ், பிரசவத்தை எதிர்நோக்கி இருக்கும் பெண்கள் அனைவருக்கும் எளிதான சுகப்பிரசவத்தையும், ஆரோக்கியமும் நற்குணமும் நிறைந்த குழந்தைகளையும் வழங்குவானாக! குழந்தைச் செல்வமின்றி ஏங்குவோருக்கு அதனை நல்குவானாக! பேறுகாலத்தில் மறைந்த நம் தாய்மார்களுக்கு ஷஹீத்களின் அந்தஸ்தை அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.